அண்டா ஏறாத வீடு

யோகலட்சுமிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தி சிவக்கும் என்று தெருவில் சொல்வார்கள். மூக்குத்தியில் இருப்பது வெள்ளைக்கல். இருந்தாலும் சொல்வார்கள். சங்கரன்கோவிலில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் கல்லின் நிறத்தையெல்லாம் யாரும் சரிபார்ப்பதில்லை.

ஆறு வருஷமாக அவளுக்கு ஒரே கோபம்தான். அண்டாக் கோபம்.

தெருச் சங்கத்துக்கு ஒரு செம்பு அண்டா உண்டு. இரண்டு பக்கமும் வளையம். வளையத்துக்குள் கம்பைக் கொடுத்து நாலு பேர் தோள் கொடுத்தால்தான் தரையை விட்டு எழும்பும். யார் செய்தது, யார் கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெருவில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் சோறு அதில்தான் வேகும். எடுத்த வீட்டார் புளி போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது உள்ளே தங்கள் வீட்டு அரிசி ஒரு பிடி போட்டிருக்கவேண்டும், வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பதனால். அடுத்த கல்யாண வீட்டார் அந்தப் பிடி அரிசியைத்தான் முதலில் உலையில் போடுவார்கள். வண்டு விழுந்திருந்தால் வண்டோடு. அதற்குப் பிறகுதான் தங்கள் அரிசி. இப்படியாக, ஒருவர் மூஞ்சியில் ஒருவர் முழிக்காத வீடுகள்கூட அந்த அண்டாவுக்குள் ஒன்றாகத்தான் வெந்துகொண்டிருந்தன.

யோகலட்சுமியின் மூத்த மகள் கல்யாணத்துக்கு மட்டும் அண்டா வரவில்லை. அவள் புருஷன் சண்முகையா சாதுவான மனிதன். விசைத்தறி ஓட்டுகிறவன், அந்தச் சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று வீட்டிலும் பேசாமல் பழகிவிட்டவன். அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு வீரச்செயல் செய்தான். சங்கத் தலைவர் ஆவுடையப்பன் தினமும் தன் வேனைக் கொண்டுவந்து இவன் வாசலை அடைத்து நிறுத்திக்கொண்டிருந்தார். ஒருநாள் இவன் நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டான். தெரு ஒற்றுமைக்குக் குந்தகம் விளைவித்ததாகச் சங்கம் தீர்மானம் போட்டது. கல்யாணத்துக்கு அண்டா இல்லை என்றது. ரதவீதிக் கடையில் வாடகைக்கு அலுமினியப் பாத்திரம் எடுத்துச் சோறு பொங்கினார்கள்.

அன்று முதல் அது அண்டா ஏறாத வீடு. தண்ணீர்க் குழாயடியில் முதலில் அப்படிச் சொன்னது ஆவுடையப்பன் மனைவி இசக்கிசெல்வி. பிறகு வீட்டுக்கு அடையாளமே அதுவாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன்கூட அண்டா ஏறாத வீடு எது என்று கேட்டுத்தான் வந்தான். அவன் வாசுதேவநல்லூர்க்காரன். அவனுக்கும் தெரிந்திருந்தது.

இந்த வருஷம் சமாதானமானது. சண்முகையா சங்கத்தில் போய்க் கையைக் கட்டி நின்றான். இளையவளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்ததும், அண்டா உண்டு என்று ஆவுடையப்பனே வாயால் சொன்னார். யோகலட்சுமி அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். அது தப்பு.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் ராஜபாளையம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் டிவிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நிகழ்ச்சிக்குப் பெயர் ‘பழசு பேசுது’. வீட்டில் கிடக்கும் பழைய பொருளை எடுத்துவந்தால் சென்னையிலிருந்து வந்த நிபுணர்கள் பார்த்து, வயதையும் மதிப்பையும் சொல்வார்கள். ஊரே கிளம்பிவிட்டது. உரல் வந்தது, ஓடாத கடிகாரம் வந்தது. புளியங்குடியிலிருந்து ஒருவர் தன் மாமனாரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நிபுணர்கள் பொருளை மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டதில் அவருக்கு ரொம்ப வருத்தம்.

ஆவுடையப்பன் லோடு ஆட்டோவில் அண்டாவை ஏற்றினார். யோகலட்சுமியும் ஏறிக்கொண்டாள். அடுத்த முறை அவள் வீட்டுக்குத்தானே, அதனால் காவல். தவிர, முந்தின நாள் உள்ளே கிடந்த பிடி அரிசியை எடுத்துவைத்துவிட்டு, அதைப் புளி போட்டுத் தேய்த்து, அரிசியைத் திரும்பப் போட்டவளும் அவள்தான். மண்டபத்து விளக்கில் அண்டா புதுப்பெண் மாதிரி மினுங்கியது.

செம்பு, பித்தளைக்கு நிபுணராக வந்திருந்தவள் ஹாலிதா. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கையுறை போட்டிருந்தாள். டார்ச்சை எடுத்து உள்ளே பார்க்கவேண்டும் என்று அவள் சொன்னதுதான் தாமதம், டிவி ஆட்கள் இரண்டு பேர் அண்டாவைக் கவிழ்த்தார்கள். உள்ளே இருந்த பிடி அரிசி மண்டபத்துக் கம்பளத்தில் கொட்டியது. ஒருவன் விளக்குமாற்றோடு வந்துவிட்டான்.

போன கல்யாணத்து வீட்டார் யோகலட்சுமிக்கென்று போட்டுவைத்த அரிசி அது. அவள் ஓடிப்போய் உட்கார்ந்து, ஒரு மணி விடாமல் முந்தானையில் பொறுக்கினாள். மூக்குத்தி சிவந்திருந்தது. நிகழ்ச்சியை நடத்துகிற பையன் நெகிழ்ந்துபோய், கேமரா அப்போது வேறு பக்கம் இருந்துவிட்டதாகவும், அரிசியைத் திரும்பக் கொட்டிவிட்டு இன்னொரு முறை பொறுக்கினால் நன்றாக இருக்கும் என்றும், இந்த முறை கொஞ்சம் கண்கலங்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் கேட்டுக்கொண்டான். யோகலட்சுமி அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்குத்தான் கண் கலங்கியது.

ஹாலிதா ரொம்ப நேரம் பார்த்தாள். தட்டிக் கேட்டாள், ஆணி அடித்துச் சேர்த்த இடங்களை விரலால் தடவினாள், அடியில் கைவிளக்கை வைத்துப் பார்த்தாள். கடைசியில் கேமரா பக்கம் திரும்பி, இது முழுக்கக் கையால் அடித்த தகடு, இருநூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது, இவ்வளவு பெரிய உருப்படி உடையாமல் கிடைப்பது அபூர்வம், விலை சொல்லுகிற பொருளே இல்லை என்றாள். நிகழ்ச்சிப் பையன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். எல்லாரும் கைதட்டினார்கள். யோகலட்சுமியும் தட்டினாள். தேய்த்தவள் அவள் அல்லவா.

அவள் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஹாலிதா அடுத்த வாக்கியத்தைச் சொன்னாள்:

“தயவுசெய்து இனிமேல் இதை அடுப்புல ஏத்தாதீங்க.”

அப்போதும் எல்லாரும் கைதட்டினார்கள். யோகலட்சுமியின் கை தானாகவே இன்னும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டுத்தான் நின்றது.

திரும்பி வரும்போது அண்டா லோடு ஆட்டோவில் வரவில்லை. ஆவுடையப்பனின் வேனில் மெத்தை போட்டு வந்தது. மூன்று நாளில் சங்கக் கட்டடத்துக்குள் அதற்கு மேடை கட்டினார்கள். சுற்றிலும் கண்ணாடி, பூட்டு, மேலே கேமரா. ஹாலிதா கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். நாலாம் நாள் யாரோ அண்டாவுக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் ஒருத்தி பிள்ளை வரம் கேட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கரி அப்பிக் கிடந்தபோது வராத சக்தி, ‘பழசு பேசுது’வில் பேசின பிறகு வந்துவிட்டது.

யோகலட்சுமி சங்கத்துக்குப் போனாள். அங்கே ஆவுடையப்பனும் நாலைந்து பெரியவர்களும் கண்ணாடிக்கு எந்தத் துணியால் துடைத்தால் கீறல் விழாது என்று ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, அண்டா வேண்டும் என்றாள். ஆவுடையப்பன் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். இது இப்போது தெருச் சொத்து இல்லையாம், பாரம்பரியமாம். சங்கச் செலவிலேயே புது அலுமினியப் பாத்திரம் பெரிதாக எடுத்துத் தருகிறோம், ரெண்டாகவே தருகிறோம் என்றார்.

“அண்ணாச்சி, ஒங்க தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தச் சித்திரையிலதான ஏறிச்சு?”

“அப்பம் அதுக்கு வயசு தெரியாதுல்லா.”

“அப்பவும் அதே வயசுதான் அண்ணாச்சி.”

பெரியவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். படித்தவர்கள் சொன்ன பிறகு அடுப்பில் ஏற்றினால் நாளைக்கு வரலாறு நம்மைக் காறித் துப்பும் என்றார் ஆவுடையப்பன். வரலாறு எங்கே இருக்கிறது என்று யோகலட்சுமிக்குத் தெரியாது. இசக்கிசெல்வி குழாயடியில் இருக்கிறாள், அது தெரியும். அன்றைக்கே அங்கே பேச்சு வந்துவிட்டது: பாவம், அந்த வீட்டுக்கு ராசி அப்படி, அண்டாவே வயசைக் காட்டித் தப்பிச்சுக்கிட்டு.

வீட்டுக்கு வந்து சண்முகையாவிடம் கத்தினாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, வேன் டயரில் காற்றைப் பிடுங்கியிருக்கக்கூடாதுதான் என்றான். ஆறு வருஷமாக எல்லாக் கேள்விக்கும் அவன் சொல்கிற பதில் அது. இந்த மனுஷனிடம் கோபப்படுவதும் தலையணையைக் குத்துவதும் ஒன்றுதான் என்று விட்டுவிட்டாள். கோபத்தை இறக்கிவைக்கச் சரியான ஆள் வேண்டும். சங்கக் கட்டடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த நம்பரைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து கூப்பிட்டாள்.

“நீங்கதான் எங்க அண்டாவுக்கு வயசு சொன்னவுகளா?”

ஆமாம் என்றாள் ஹாலிதா, டிவித் தமிழில்.

“எம் மவளுக்கு இருபத்தாறு வயசாவுது. அதுக்கு என்ன சொல்லுதிய?”

யோகலட்சுமி நிறுத்தவில்லை. அலுமினியப் பாத்திரம், குழாயடி, கம்பளத்தில் கொட்டின அரிசி, விளக்குமாறு எல்லாவற்றையும் வரிசை மாற்றி வரிசை மாற்றிச் சொன்னாள். கொட்டச் சொன்னது நீ இல்லை, ஆனால் டார்ச் கேட்டது நீதான் என்றாள். எல்லாம் முடிந்து மூச்சு வாங்கின பிறகு ஹாலிதா பேசினாள். டிவித் தமிழ் போயிருந்தது.

“யக்கா, எங்க உம்மா வீடு கடையநல்லூருதான். அண்டா அருமை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிராதிய. ஆனா நான் பொய் சொல்ல முடியாது. அடியில ஆணி அடிச்ச எடம் தேஞ்சுபோயிருக்கு. ஏத்துனா ஒழுவும்.”

“ஒழுவட்டும்.”

“ஒழுவிச்சுன்னா பழையபடி ஒட்டவைக்க முடியாதுக்கா.”

“எங்களையும் இந்தத் தெருவுல ஒட்டவைக்க முடியாதும்மா” என்று சொல்லி யோகலட்சுமி போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பெண் பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் தெரியாமல் உளறியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். தெரிந்து, சரியாகச் சொல்லி, மரியாதையாகவும் பேசிவிட்ட ஒருத்தியிடம் எப்படிக் கோபத்தை இறக்கிவைப்பது? இறக்க இடமில்லாமல் அது யோகலட்சுமிக்குள்ளேயே கிடந்து கொதித்தது.

நிகழ்ச்சி சனிக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பாகும் என்று அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணம். யோகலட்சுமி வீட்டு வாசலில் பந்தல், பின்னாலிருந்த காலி மனையில் அடுப்பு. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சமையலுக்குத் தங்கசாமி நாலு ஆட்களோடு வந்திருந்தார். முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சாம்பாரும் பொரியலும் ஆகிவிட்டன. சோறுதான் பாக்கி. சங்கம் வாங்கிக் கொடுத்த அலுமினியப் பாத்திரங்கள் இரண்டும் ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல் கவிழ்ந்து கிடந்தன.

பந்தலில் ஆள் இல்லை. சங்கக் கட்டடத்து வாசலில் பெரிய திரை கட்டி, புரொஜெக்டர் வைத்து, இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். தெரு முழுக்க அங்கே இருந்தது. யோகலட்சுமியின் சொந்தபந்தங்கள் அங்கே இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேனை விட்டு இறங்கி, காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, நேராக அங்கேதான் போயிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முன்வரிசையில் நாற்காலி. கண்ணாடிக்குள் இருந்த அண்டாவையும் இந்த ஒரு நாளைக்கு வெளியே எடுத்து, திரைக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி விரித்து உட்காரவைத்து, மாலை போட்டு, சீரியல் லைட் சுற்றியிருந்தார்கள். தூக்கிவைத்த கம்பு வளையத்திலேயே இருந்தது.

யோகலட்சுமி பந்தல் ஓரத்தில் நின்று அதைப் பார்த்தாள். இருநூறு பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரைக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த அண்டாவை ஒருவரும் பார்க்கவில்லை. அண்டா எப்போது வரும் என்று டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள்.

“தங்கசாமியண்ணே, ஆளுகளக் கூட்டிட்டு வாங்க.”

எங்கே என்று கேட்ட தங்கசாமி, அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தொழிலுக்கு வந்த இடத்தில் வம்பு வேண்டாம் தாயி என்றார்.

“வம்பு ஆறு வருசத்துக்கு முந்தியே வந்து பந்தியில உக்காந்தாச்சு. நீங்க வந்து தோளு மட்டும் குடுங்க.”

அவள் முன்னால் போனாள். நாலு பேரும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். ஒளியவில்லை, பதுங்கவில்லை, கல்யாண வீட்டு ஆட்கள் நடக்கிற நடைதான். சரியாக அப்போது திரையில் அண்டா வந்தது. கூட்டம் ஆவென்றது. ஹாலிதா வயதைச் சொன்னாள். கைதட்டுகிறவர்களைக் காட்டினார்கள். அதில் யோகலட்சுமியின் முகம் திரை முழுக்க வந்து நின்றது, பல் தெரிய, கையைத் தட்டிக்கொண்டு.

“ஏட்டி, நம்ம யோகுட்டி” என்று இசக்கிசெல்வி பக்கத்தில் இருந்தவளைக் குத்தினாள். அவள் சொன்ன யோகு அப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் அண்டாவோடு போய்க்கொண்டிருந்தாள். மாலையும் சீரியல் லைட்டும் கழன்று தரையில் கிடந்தன. ஓரத்து நாற்காலியில் இருந்த ஆவுடையப்பன் வழியை மறித்து நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

“பாத்துடே, பாத்து. செவுத்துல இடிச்சிராதிய” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விளம்பர இடைவேளை முடிந்து, தயவுசெய்து இனிமேல் இதை அடுப்புல ஏத்தாதீங்க என்று ஹாலிதா திரையில் சொன்னபோது அண்டா அடுப்பில் ஏறியிருந்தது.

நிகழ்ச்சி முடியும்வரை யாருக்கும் தெரியாது. முடிந்த பிறகு மாப்பிள்ளை அண்டாவோடு ஒரு செல்பி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுந்தான். சிவப்புத் துணிதான் இருந்தது. முதலில் நாற்காலிக்கடியில் தேடினார்களாம். நாலாள் தூக்கும் அண்டாவை நாற்காலிக்கடியில். அப்புறம் யாருக்கோ புகை வாசனை தட்டியிருக்கிறது.

கூட்டமாக வந்தார்கள். ஆவுடையப்பன் முன்னால் வந்தார். உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பின் ஒரு பக்கம் புஸ் புஸ்ஸென்று சத்தம். ஹாலிதா சொன்ன இடத்தில், சொன்னபடியே, சொட்டுச் சொட்டாக ஒழுகி நெருப்பில் விழுந்துகொண்டிருந்தது. தங்கசாமி உளுந்துமாவைக் குழைத்து, ஒழுகுகிற இடத்தில் அப்பிக்கொண்டிருந்தார். யோகலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மண்டபத்தில் பொறுக்கிப் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பிடி அரிசியைக் கையில் வைத்திருந்தாள்.

“யோகு, என்ன காரியம் பண்ணிட்ட. எறக்கு மொதல்ல” என்று ஆரம்பித்தார் ஆவுடையப்பன்.

அவள் அரிசியை உலையில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

“எறக்குதேன் அண்ணாச்சி. கல்யாண வீட்டுல அரிசி விழுந்த ஒலைய எறக்குன்னு மாப்பிள்ள வீட்டாளுக முன்னால இன்னொரு மட்டம் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க. ஒங்களுக்கும் ஒரு மவ இருக்கா. சொல்லிட்டீயன்னா நானே எறக்குதேன்.”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். பக்கத்தில் இசக்கிசெல்வி அவர் கையைப் பிடித்தாள். வாயை மூடிக்கொண்டார். அந்த வார்த்தையைச் சொல்கிற தைரியம் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஏதோ ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். சண்முகையா அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, ஒன்றும் பேசாமல் மனைவி பக்கத்தில் நின்றான். அவனுடைய இரண்டாவது வீரச்செயல் அது.

சோறு கொஞ்சம் புகை வாசனை அடித்தது. ஆவுடையப்பன் கோபத்தோடே சாப்பிட்டார். கோபத்தோடே இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரமே யோகலட்சுமி அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, தன் வீட்டு அரிசி ஒரு பிடி போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சங்கம் கூடி, எக்காலத்துக்கும் இனி அண்டாவை அடுப்பில் ஏற்றக்கூடாது என்று தீர்மானம் போட்டது. யோகலட்சுமியின் பிடி அரிசியோடு சேர்த்தே கண்ணாடியைப் பூட்டினார்கள். பூட்டு இரண்டாயிற்று. அண்டா ஏறாத வீடு என்ற பேச்சு நின்றுபோனது. நின்றுபோனதிலும் அவளுக்குச் சந்தோஷமில்லை. சங்கக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பாள். அவள் அரிசியை எடுத்து உலையில் போட ஆளில்லை. ஆறு வருஷம் காத்திருந்து தெருவோடு ஒட்டிக்கொண்டால், வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்த அந்தப் பிடி அரிசி அவளோடு நின்றுவிட்டது. அண்டா விளிம்பில் வண்டு ஊர்வதுகூட வெளியே தெரிந்தது. அவளுக்குத் திரும்பவும் மூக்குத்தி சிவக்க ஆரம்பித்தது.

கார்த்திகையில் ஒருநாள் மத்தியானம் இசக்கிசெல்வி வந்தாள். ஆறு வருஷத்தில் அந்த வாசல்படி ஏறியதில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்ததும் குடித்தாள். மகளுக்குத் தை மாதம் முகூர்த்தம் வைத்திருப்பதைச் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் அலுமினியப் பாத்திரத்துக்குச் சொல்லிவிட்டாராம். தலைவரே தீர்மானத்தை மீறினால் நன்றாக இருக்காதாம்.

யோகலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். குழாயடியில் இவள் வாயிலிருந்து முதன்முதலில் விழுந்த அந்த மூன்று சொல்லும் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஆறு வருஷம் ஊறின சொற்கள். சொல்லியிருந்தால் ருசியாகத்தான் இருந்திருக்கும்.

“அன்னைக்கு எப்படித் தூக்குனீய?” என்றாள் இசக்கிசெல்வி, தரையைப் பார்த்துக்கொண்டு. “அவுகளுக்குத் தெரியாம.”

“அவுக காலை மடக்கி வழிவிட்டாக. தூக்கிட்டு வந்தேன்.”

“வெளையாடாதீய மதினி. பொட்டப்புள்ள காரியம்.”

எதிர்வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. யோகலட்சுமிக்கு வந்த கோபத்தில் பாதி இசக்கிசெல்வி மேல், மீதி கண்ணாடிக்குள் வண்டரிக்கும் ஒரு பிடி அரிசி மேல். இரண்டில் எதை முதலில் தீர்ப்பது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“உள்ள கெடக்கது எங்க வீட்டு அரிசி. அதத்தான் மொதல்ல போடணும். வண்டு இருக்குன்னு பொடைக்கக்கூடாது.”

இசக்கிசெல்வி தலையாட்டினாள்.

“கரிவலத்துத் தங்கசாமியையே சமையலுக்குச் சொல்லுங்க. அவரு ஆளுகளுக்குப் பழக்கம். உளுந்து ரெண்டு படி கூட நனையப்போடச் சொல்லுங்க, ஒழுகும்.”

“அதெல்லாஞ் சரி மதினி. அவுக கண்ணுல மண்ணத் தூவணுமே?”

“மண்ணு எதுக்கு?” என்று யோகலட்சுமி செம்பை வாங்கிக்கொண்டு எழுந்தாள். “டிவிக்காரங்களுக்குப் போனப்போட்டு, மறு ஒளிபரப்பு எப்பம்னு கேளுங்க.”